வெளிநாட்டு ஆய்வுப் பயணம் பணி அனுபவமாகுமா? கனடா விண்ணப்பதாரர்கள் அடிக்கடி கேட்பவை

நிரந்தரமாகக் குடியேற விரும்புவோரைப் புள்ளி போட்டுத் தரவரிசைப்படுத்தும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கான படிவத்தை நிரப்ப உட்காரும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ‘பணி வரலாறு’ என்ற கட்டம் வரும். ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் எட்டு மாதம் இருந்தது வேலையா, படிப்பா, விருந்தாளியாகப் போய் வந்ததா? அழைப்புக் கடிதத்தில் ‘வருகைதரு ஆய்வாளர்’ என்று போட்டிருப்பார்கள். இரவு பதினொரு மணிவரை ஆய்வகத்தில் கிடந்தவருக்கு அதை ‘வருகை’ என்று எழுத மனம் வராது.

நான் குடிவரவு வழக்கறிஞன் அல்லன். ஆய்வாளனாகக் கனடாவுக்கு வந்து, முதலில் என் கோப்போடும் பிறகு நண்பர்களின் கோப்புகளோடும் மல்லுக்கட்டியவன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் இருக்கும் கூட்டாட்சித் திறன்பணியாளர் திட்டம், கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான கனடா அனுபவப் பிரிவு ஆகிய இரண்டு வழிகளையும் வைத்தே பதில் சொல்கிறேன். மற்ற நாடுகளைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் உண்டு.

ஒரே வரியில் சொல்லுங்கள்: சேருமா, சேராதா?

ஊதியம் வாங்கிக்கொண்டு, வாரம் 30 மணி நேரம், தகுதியுள்ள ஒரு தொழிலில் செய்திருந்தால் சேரும். ஊதியமில்லாமல் செய்திருந்தால், நோபல் பரிசு பெற்றவரின் ஆய்வகமாகவே இருந்தாலும் சேராது.

திறன்பணியாளர் திட்டம் கேட்பது, கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் இடைவெளி இல்லாத ஓராண்டு முழுநேர, ஊதியம் பெற்ற அனுபவம். மணிக்கணக்கில் 1,560. வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்து ஆறே மாதத்தில் இதை முடித்துவிட முடியாது. வாரத்தில் 30 மணிக்கு மேல் செய்தது எதுவும் கணக்கில் ஏறாது. பகுதிநேரமாக வாரம் 15 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு செய்தால் ஏற்பார்கள். ஆய்வகத்தில் தூங்கி எழுந்தவர்களுக்கு இந்த 30 மணி வரம்பைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

எனக்கு மாதாமாதம் பணம் வந்தது. ஆனால் அது ஆய்வு உதவித்தொகை. அதைச் சம்பளம் என்று சொல்லலாமா?

சிக்கல் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஒரே ஆய்வகம், அடுத்தடுத்த இரண்டு மேசைகள். இரண்டிலும் நம் ஊர் வேதியியலாளர்கள். முதல் மேசைக்காரர் பல்கலைக்கழகத்தோடு பணி ஒப்பந்தம் போட்டவர், டி.வி.-எல் ஊதிய அட்டவணையில் இ13 படிநிலை. மாதந்தோறும் அவருக்குச் சம்பளச் சீட்டு வரும். அதில் வருமான வரி, ஓய்வூதியக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என்று வரிசையாகப் பிடித்தம் இருக்கும். மாதத் தொடக்கத்தில் அந்தச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இரண்டாம் மேசைக்காரர் ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஆய்வு நல்கையில் (ஃபெலோஷிப்) வந்தவர். அவருக்குப் பிடித்தமே கிடையாது. வரியில்லாத நல்கை அப்படியே வங்கிக் கணக்கில் விழும். ஊரில் அவருடைய பெயர்தான் செய்தித்தாளில் வந்தது.

கனடாவின் படிவத்துக்கு முன்னால் உட்காரும்போது நிலைமை தலைகீழாகிவிடும். பிடித்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரிடம், தான் ஊழியர் என்பதற்கு மாதத்துக்கொரு சான்று இருக்கிறது. பெருமைக்குரிய நல்கை பெற்றவரிடம் விருதுக் கடிதம்தான் இருக்கிறது. விதியில் இருக்கும் சொல் ‘ஊதியம்’. நல்கை ஊதியமா என்பதை, கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி முன்னால் உள்ள தாள்களைப் பார்த்து முடிவு செய்வார்.

ஆகவே நல்கையில் இருந்தவர்கள் அதை வேலை என்று காட்ட விரும்பினால், வேலைக்கான அடையாளங்கள் எவை கைவசம் இருக்கின்றன என்று தேட வேண்டும். யாருடைய மேற்பார்வையில் இருந்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா, விடுப்பு எடுக்க அனுமதி கேட்க வேண்டியிருந்ததா, வரி பிடித்தார்களா, செய்த பணியின் விளைவு நிறுவனத்துக்குச் சொந்தமா? இவற்றில் மூன்று நான்குக்கு ஆம் என்று தாளோடு சொல்ல முடிந்தால் முயன்று பார்க்கலாம். வெறும் விருதுக் கடிதம் மட்டும் இருந்தால், அந்தக் காலத்தை நம்பி மதிப்பெண் கணக்குப் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி திட்டத்தில் போனவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பெயரில் ‘ஃபெலோ’ என்று வந்தாலும், அங்கே ஆய்வாளரை நிறுவனம் பணி ஒப்பந்தம் போட்டே எடுப்பது வழக்கம்.

இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆக இருந்த காலம்?

முதலில் எந்த ஜே.ஆர்.எஃப். என்று கேட்க வேண்டும். நெட் தேர்வு எழுதி, யு.ஜி.சி. அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நல்கையில் பிஎச்.டி. பதிவு செய்தவர் ஒரு வகை. பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் நியமன ஆணை பெற்றுச் சேர்ந்தவர் இன்னொரு வகை. இருவருக்கும் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்தான், எஸ்.ஆர்.எஃப். (மூத்த ஆய்வாளர்) ஆக உயர்ந்தால் 42,000. தொகை ஒன்றாக இருந்தாலும் தாள் வேறு. திட்டத்தில் சேர்ந்தவரிடம் நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, பணி விடுவிப்பு ஆணை மூன்றும் இருக்கும். ‘புராஜெக்ட் அசோசியேட்’ என்ற பெயரில் இருந்தவர்களுக்கு இன்னும் நல்லது. ஒரு நிறுவனம் ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

நெட் வழியாக வந்தவர்களுக்கு வருமான வரியே எதிராகத் திரும்பலாம். கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு விலக்குத் தந்தது. அந்த விலக்கை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, பிறகு கனடாவிடம் ‘அது சம்பளம்’ என்று சொன்னால், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கேள்வி எழத்தான் செய்யும்.

ஓர் ஆறுதல் உண்டு. மாணவராக இருந்தீர்கள் என்பதற்காக மட்டும் திறன்பணியாளர் திட்டம் உங்களை ஒதுக்குவதில்லை. படிக்கும்போதே செய்த வேலையாக இருந்தாலும், ஊதியம், இடைவெளியின்மை, மணிக்கணக்கு ஆகியவை சரியாக இருந்தால் ஏற்கும். கனடா அனுபவப் பிரிவு அப்படி இல்லை. அது கீழே வருகிறது.

மூன்று மூன்று மாதமாக நான்கு முறை போனேன். சேர்த்தால் ஓராண்டு ஆகுமே?

திறன்பணியாளர் திட்டத்தின் முதல் ஓராண்டுக்கு ஆகாது. அந்த ஓராண்டில் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரே வகைத் தொழிலாகவும் இருக்க வேண்டும். வேறொரு வேலையைக் கொண்டு அதை ஏற்கெனவே நிறைவு செய்துவிட்டீர்கள் என்றால், ஊதியம் பெற்ற துண்டு துண்டான காலங்களைத் தரவரிசைப் புள்ளிகளுக்கான வெளிநாட்டு அனுபவத்தில் சேர்த்துப் பார்க்கலாம்.

மிட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டத்தில் கோடையில் கனடா வந்தேன். அது கனடா அனுபவமா?

அது 12 வாரப் பயிற்சி. கனடா அனுபவப் பிரிவுக்கு ஓராண்டு வேண்டும். ஊரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே வந்து போன கோடை அது. அங்கே கிடைத்த பேராசிரியரின் அறிமுகமும் பரிந்துரைக் கடிதமும்தான் உங்கள் சொத்து. அதன் வழியாக முதுநிலைப் படிப்புக்குத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

நான் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சம்பளத்துடன் ஆன் டியூட்டியில் ஆறு மாதம் வெளிநாடு போனேன். அந்த ஆறு மாதம் விடுபடுமா?

போன நாடு கனடா இல்லையென்றால் உங்கள் நிலை நல்ல நிலை. முதலாளி மாறவில்லை, சம்பளம் நிற்கவில்லை, ஆய்வு செய்வது உங்கள் பணியின் ஒரு பகுதி. கல்லூரிப் பணியின் தொடர்ச்சியாகவே அந்தக் காலத்தைக் காட்டலாம். கல்லூரி தரும் கடிதத்தில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, முழுச் சம்பளத்துடன், கல்லூரியின் சார்பில் ஆய்வுப் பணிக்காக அனுப்பப்பட்டார்’ என்று ஒரு வரி இருக்கட்டும். ‘விடுப்பில் இருந்தார்’ என்று எழுத்தர் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டால் கதை மாறிவிடும். ஆண்டுக்கு இரண்டு வாரம் போன்ற இயல்பான சம்பள விடுப்பைக் குடிவரவுத் துறை கண்டுகொள்வதில்லை. நீண்ட விடுப்பை வேலையாகவும் எடுத்துக்கொள்வதில்லை. சம்பளமில்லா விடுப்பில் போனவர்கள் அந்த மாதங்களைத் தாங்களே கழித்துவிடுவது நல்லது.

போன நாடு கனடாவாக இருந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். டொராண்டோவில் உட்கார்ந்து, சம்பளம் திருச்சியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவரிசையில் ‘வெளிநாட்டு அனுபவம்’ என்பது கனடாவுக்கு வெளியே பெற்றது. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். ‘கனடா அனுபவம்’ என்று சொன்னால், கனடா முதலாளி யார் என்ற கேள்வி வரும். இரண்டு பக்கமும் இழுபறியான காலத்தை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம்.

கனடாவிலேயே பிஎச்.டி. செய்கிறேன். டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) இரண்டுக்கும் சம்பளம் வருகிறது, ஊழியர்களுக்குத் தரும் டி4 வரிப் படிவமும் வருகிறது. இதுகூடவா சேராது?

கனடா அனுபவப் பிரிவில் சேராது. முழுநேரப் படிப்பில் இருந்த காலத்தில் செய்த வேலையைக் கழித்துவிட வேண்டும் என்று ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. தரவரிசையின் கனடா அனுபவப் புள்ளிகளிலும் அதே கதை. நான்கு ஆண்டுகள் இளநிலை மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவருக்கு இது வயிற்றெரிச்சல்தான். திறன்பணியாளர் திட்டத்தின் ஓராண்டுத் தகுதிக்கு மட்டும் அதே வேலையைக் காட்ட வழி உண்டு.

பட்டம் முடிந்தபின் கிடைக்கும் முதுமுனைவர் பணிதான் உங்கள் கடிகாரத்தைத் தொடங்கி வைக்கும். அங்கேயும் ஒரு கண் தேவை. பல்கலைக்கழகம் உங்களை ஊழியராக எடுத்தால் டி4. நல்கை பெறுபவராக வைத்தால் டி4ஏ. கையெழுத்துப் போடும் முன் ‘எனக்கு எது வரும்?’ என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஜெர்மன் மேசைகளின் கதையேதான் இது. வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிட்டு, ஓராண்டு கழித்து என்னிடம் வந்து புலம்பியவர்கள் இருவர்.

பணி அனுமதியே இல்லாமல் 120 நாள் ஆய்வு செய்யலாமாமே. அது சட்டவிரோதமாகக் கணக்காகாதா?

ஆகாது. 2017 ஜூன் முதல் இருக்கும் ஏற்பாடு அது. அரசு நிதியில் நடக்கும், பட்டம் வழங்கும் கல்வி நிறுவனத்திலோ அதனோடு இணைந்த ஆய்வு நிறுவனத்திலோ, 12 மாதத்தில் ஒருமுறை, 120 நாள் வரை ஆய்வாளர்கள் பணி அனுமதி இல்லாமல் பணியாற்றலாம். அனுமதி இல்லாத வேலை அல்ல அது. அனுமதியிலிருந்து விலக்களிக்கப்பட்ட வேலை. ஆனால் 120 நாளை வைத்து ஓராண்டை எட்ட எத்தனை முறை வர வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கனடா அனுபவப் பிரிவோ கடைசி மூன்று ஆண்டுகளை மட்டுமே பார்க்கும்.

என்.ஓ.சி. எங்கே வாங்குவது?

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு என்.ஓ.சி. என்றால் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் துறையிடம் வாங்கும் தடையில்லாச் சான்று. கனடாக்காரர்கள் சொல்லும் என்.ஓ.சி. அவர்களுடைய தேசியத் தொழில் வகைப்பாட்டின் சுருக்கம். யாரிடமும் வாங்க வேண்டியதில்லை; பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து இலக்க எண்கள் இருக்கின்றன. உயர்கல்வி நிறுவனங்களின் கற்பித்தல், ஆய்வு உதவியாளர்களுக்கு 41201. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், விரிவுரையாளர்களுக்கு 41200. வேதியியலாளர் 21101, உயிரியலாளர் 21110. இவையெல்லாம் தகுதியுள்ள படிநிலைகளில்தான் வருகின்றன.

பதவியின் பெயரைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே அந்தத் தொழிலில் என்னென்ன செய்வார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் உண்மையில் செய்தது எதனோடு பொருந்துகிறதோ அதுதான் உங்கள் எண்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் என்ன இருக்கக் கூடாது என்று சொல்கிறேன். நான் முன்பு திட்டப் பணியில் இருந்த நிறுவனத்திடம் பணி அனுபவச் சான்று கேட்டேன். வந்தது போனஃபைடு சான்றிதழ். ‘இன்னார் எங்கள் நிறுவனத்தில் ஆய்வு மேற்கொண்டார் என்றும் அவருடைய நன்னடத்தை திருப்திகரமாக இருந்தது என்றும் சான்றளிக்கப்படுகிறது. அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ கீழே ஊதா நிற ரப்பர் முத்திரை, பாதி அழிந்திருந்தது. இரண்டு ஆண்டு வேலையில் எந்த மாதம் சேர்ந்தேன், எவ்வளவு சம்பளம், என்ன செய்தேன் என்று ஒரு சொல் இல்லை. என் நடத்தையைப் பற்றிக் கனடா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதற்குக் காவல்துறைச் சான்று தனியாக இருக்கிறது.

குடிவரவுத் துறை எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், அதன் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், மேற்பார்வையாளர் அல்லது பணியாளர் பிரிவு அலுவலரின் பெயர், பதவி, கையொப்பம், உங்கள் பதவி, கடமைகள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் படிகளும். இதில் அடிக்கடி விடுபடுவது மணி நேரம். ‘ஆய்வுக்கு நேரம் ஏது?’ என்று பேராசிரியர்கள் தத்துவம் பேசுவார்கள். ‘வாரத்துக்கு 40 மணி நேரம்’ என்று அது உண்மையாக இருக்கும் பட்சத்தில் பணிவோடு எழுதி வாங்கிவிடுங்கள்.

கடமைகளை என்.ஓ.சி. பட்டியலிலிருந்து அப்படியே படியெடுத்து ஒட்டாதீர்கள். நீங்கள் இயக்கிய கருவி, எடுத்த அளவீடு, வழிகாட்டிய மாணவர்கள் என்று உங்கள் வேலையின் வாசனை இருக்கட்டும்.

அந்தப் பயணம் சேராது என்று தெரிந்துவிட்டது. படிவத்தில் சொல்லாமலே விட்டுவிடலாமா?

கூடாது. புள்ளிக்காகக் காட்டும் பணி வரலாறு வேறு. கடைசிப் பத்து ஆண்டுகளில் எந்த மாதம் எங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்கும் தனிப்பட்ட வரலாறு வேறு. ஊதியமில்லாத பயணம் முதலாவதில் வராது, இரண்டாவதில் கட்டாயம் வர வேண்டும். மறைத்தாலும், இல்லாத ஊதியத்தை இருந்ததாகக் காட்டினாலும், அது தவறான தகவல் தந்த குற்றமாகலாம். ஐந்து ஆண்டுத் தடை வரைக்கும் போகும்.

இன்னொரு செலவும் உண்டு. ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் காவல் சான்று கேட்பார்கள். புள்ளி ஒன்றும் தராத அந்த எட்டு மாத ஜெர்மன் பயணத்துக்காக, பான் நகரில் உள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எத்தனை புள்ளி கிடைக்கும்?

இதை முதலிலேயே கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு மேலே உள்ளது எதுவும் தேவைப்பட்டிருக்காது. திறன்பணியாளர் திட்டத்தில் நூற்றுக்கு 67 வேண்டும். அனுபவத்துக்கு அதிகபட்சம் 15: ஓராண்டுக்கு 9, இரண்டு மூன்று ஆண்டுக்கு 11, நான்கு ஐந்துக்கு 13, ஆறும் அதற்கு மேலும் 15. பிறகு வரும் தரவரிசையில் வெளிநாட்டு அனுபவமும் மொழித் திறனும் சேர்ந்து தருவது அதிகபட்சம் 50. அதற்கு மூன்று ஆண்டு அனுபவம் போதும். மொழித் தேர்வின் நான்கு திறன்களிலும் கனடாவின் மொழி அளவுகோல்படி ஒன்பதாம் நிலை எடுத்தவருக்கு ஓராண்டோ இரண்டாண்டோ இருந்தால் 25, மூன்றாண்டு இருந்தால் 50.

கல்லூரியில் ஏற்கெனவே ஐந்து ஆண்டு பாடம் நடத்தியவருக்கு, ஆறு மாத ஆய்வுப் பயணம் தரவரிசையில் ஒரு புள்ளியும் கூட்டாது. அவர் அதற்காக ஜெர்மானியப் பேராசிரியருக்கு ஏழு மின்னஞ்சல் அனுப்புவது வீண். அந்த நேரத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வில் அரைப் புள்ளி கூட்டிக்கொள்ளலாம். கையில் இரண்டே முக்கால் ஆண்டு இருந்து, பயணத்தால் மூன்றைத் தொடுபவர் மட்டும் கடிதத்துக்காக அலையலாம்.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டனில் எப்படி?

ஆஸ்திரேலியாவின் புள்ளித் தேர்விலும் ஊதியம் வேண்டும். ஆனால் வாரம் 20 மணி நேரம் போதும். வெளிநாட்டு அனுபவத்துக்கு மூன்று ஆண்டு நிறைந்த பிறகே முதல் 5 புள்ளி.

அமெரிக்காவில் இப்படிப் புள்ளிக் கணக்குக் கிடையாது. சிறந்த பேராசிரியர், ஆய்வாளர் பிரிவில் பச்சை அட்டை கேட்பவருக்கு மூன்று ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம் வேண்டும். ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில் போனவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: அரசு நிதியில் போயிருந்தால் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளலாம். எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியலை வைத்து அந்த நிபந்தனையில் சிக்கியவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்; 2024 டிசம்பரில் வந்த திருத்தம் இந்தியாவை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பிரிட்டனில் கல்வியாளர் வருகையாளராக ஓராண்டு வரை இருக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு அந்தக் காலம் உதவாது.

என் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வுத் திட்டமும் முடிந்துவிட்டது. யாரிடம் கையெழுத்து வாங்குவது?

நிறுவனம் இருக்கும்வரை பதிவாளர் அலுவலகமோ பணியாளர் பிரிவோ கடிதம் தரலாம். அவர்களிடம் தேதியும் சம்பளமும் இருக்கும், கடமைகள் இருக்காது. எனக்கும் அதுதான் நடந்தது. ரப்பர் முத்திரைச் சான்றிதழுக்குப் பிறகு மறுபடியும் எழுதி, தேதியும் சம்பளமும் உள்ள கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கினேன். கடமைகளுக்கு, ஓய்வு பெற்ற பேராசிரியரைத் தேடிக் கும்பகோணம் பக்கத்தில் உள்ள அவருடைய ஊருக்கே தொலைபேசியில் பேசினேன். தான் மேற்பார்வையாளராக இருந்த காலத்தைக் குறிப்பிட்டு, தன் பெயரிலேயே இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அதோடு நியமன ஆணை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், வரிப் பிடித்தத்துக்கு முதலாளி தரும் படிவம் 16, ஏன் இரண்டு கடிதங்கள் என்று விளக்கும் ஒரு பக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்தேன்.

விண்ணப்பிக்க அழைப்பு வந்தபின் உங்களுக்கு இருப்பது 60 நாள். நிறுவனத்துக் கடிதம் வர 41 நாள் ஆனது. பேராசிரியரின் கடிதம் கூரியரில் ஒன்பது நாளில் வந்தது. உள்ளே என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. மறுபடியும் தொலைபேசியை எடுத்தேன்.